ரெண்டாவது ஸ்கேனர்

"பொம்பளைங்க போன்ல மட்டும்தான் வைரஸ் வருமா சார்? நீங்களே சொல்லுங்க."

உப்பள மேஸ்திரி அர்ச்சுனன் போனில் கேட்ட கேள்வி கலியபெருமாளுக்கு முதலில் புரியவில்லை. மரக்காணத்தில் உப்பளத்துக்கு எதிரே இருக்கும் கம்ப்யூட்டர் சென்டர் அவருடையது. அவர் இருப்பது திண்டிவனத்தில். கடையை அங்கே வேலை பார்க்கும் சரண்யாவின் பொறுப்பில் விட்டுவிட்டு இரண்டு வருஷமாக நிம்மதியாக இருந்தார்.

"என்ன விஷயம்? தெளிவா சொல்லுப்பா."

"போன மாசம் எங்க வாட்ஸ்அப் குரூப்புல கல்யாணப் பத்திரிகைன்னு ஒரு ஃபைல் வந்துச்சு சார். யாரு கல்யாணம்னு தொட்டுப் பாத்தேன். என் போனே போயிடுச்சு. அதான் எல்லாரு போனையும் உங்க கடையில செக் பண்ணச் சொன்னேன்."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆம்பளைங்க போனை அந்தப் பொண்ணு ரெண்டே நிமிஷத்துல பாத்துக் குடுத்துடுச்சு. ஒரே தடவைதான். பொம்பளைங்க அஞ்சு பேரை மட்டும் தினம் வரச் சொல்லுது. ரெண்டாவது ஸ்கேனர்னு ஒண்ணைப் போட்டு அரை மணி நேரம் போனை வெச்சிக்குது. கேட்டா, பொம்பளைங்க அதிகமா ஃபார்வர்ட் பண்றாங்கன்னு சொல்லுது. போன்ல போட்டோ கீட்டோ இருக்கும் சார். எனக்கு என்னமோ சரியாப் படல."

கலியபெருமாளுக்கும் சரியாகப் படவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் கடை வாசலில் போய் பைக்கை நிறுத்தினார். புகார் உண்மையாக இருந்தால் சரண்யாவை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்ற முடிவோடுதான் வந்திருந்தார்.

கடையில் சரண்யா மட்டும் இருந்தாள். கம்ப்யூட்டரில் ஐந்து போன்கள் ஒயரோடு செருகியிருந்தன. திரையில் ஒரு பச்சைக் கோடு நத்தை மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. போன்களுக்குச் சொந்தக்காரிகள் ஒருத்தியையும் காணோம்.

"வாங்க சார்." அவசரமாக எழுந்தாள்.

"என்ன ஓடுது?"

"ஸ்கேன் சார்."

"நான் வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸ் என்ன ஆச்சு?"

"அது பாட்டுக்கு ஓடிக்கிட்டுதான் இருக்குது சார். இது ரெண்டாவது. ஒண்ணு கோட்டை விட்டதை இன்னொண்ணு புடிக்கும்."

"ரெண்டும் சண்டை போட்டுக்காதா?"

"எந்நேரமும் ரெண்டும் ஓடினாதான் சார் சண்டை. இது நாம கூப்புட்டா மட்டும் வரும்."

பதில் சரியாகத்தான் இருந்தது. சரியான பதிலை உடனே சொல்கிறவர்கள் மேல்தான் கலியபெருமாளுக்குச் சந்தேகம் அதிகம்.

அவளை நகரச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டாவது ஸ்கேனரின் பழைய பட்டியலைத் திறந்து பார்த்தார். ஒரு மாதக் கணக்கு இருந்தது. தினமும் ஐந்து போன். பிடிபட்ட வைரஸ் என்ற இடத்தில் எல்லா நாளும் பூஜ்யம்.

"ஒரு மாசமா ஒண்ணைக்கூட புடிக்கல. அப்புறம் எதுக்கு தினம் ஓட்டறே?"

சரண்யா பின்கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவங்க போட்டோவை எல்லாம் காப்பி பண்றியா?"

"சார்!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கம்மா மேல சத்தியமா இல்ல சார்."

"அப்போ காரணத்தைச் சொல்லு. இல்லன்னா சாவியைக் குடுத்துட்டுக் கிளம்பு."

சொல்லிவிடுவாள் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். சரண்யா டிராயரைத் திறந்து கடைச் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டாள். அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது.

அப்போது கடையின் பின்கதவு திறந்தது. உப்பளத்தில் வேலை செய்யும் முத்தம்மாள் வந்தாள். முழங்கால் வரை புடவையில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. முதலாளியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர்.

"பின்னாடி என்ன பண்றீங்க?"

"ஐயா, அந்தப் பொண்ணைத் திட்டாதீங்க. நாங்கதான்..." முத்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "பாத்ரூமுக்குப் போனோம்."

கலியபெருமாள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். முத்தம்மாளே தொடர்ந்தாள்.

"உப்பளத்துல கண்ணுக்கெட்டுன வரைக்கும் வெட்டவெளிங்க. மறைவுக்கு ஒரு செடி கூட மொளைக்காது. ஆம்பளைங்க வரப்போரமா திரும்பி நின்னுக்குவாங்க. நாங்க எங்க போறது? விடியக்காலம் நாலு மணிக்கு பாத்தியில எறங்கினா மத்தியானம் வரைக்கும் அடக்கிக்கணும். அதுக்கு பயந்துக்கிட்டு தண்ணியே குடிக்க மாட்டோங்க."

"மேஸ்திரிகிட்ட சொல்லக் கூடாதா?"

"இதைப் போயி ஆம்பளைகிட்ட எப்புடிங்க கேக்கறது? போன் செக் பண்ணணும்னா உடனே அனுப்பிடறாரு."

சரண்யா மெல்லிய குரலில் சொன்னாள்: "மொதல் ஸ்கேனர் ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடுது சார். இவங்க அஞ்சு பேரு. இருக்கறது ஒரு பாத்ரூம்."

"இதை எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"நீங்க பாத்ரூமைப் பூட்டச் சொல்லிட்டா இவங்க எங்க போவாங்க சார்?"

கலியபெருமாளுக்குச் சுருக்கென்றது. அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. அர்ச்சுனன்தான்.

"என்ன சார், பாத்தீங்களா?"

"பாத்தேம்பா. ரொம்ப மோசமான வைரஸ். தினம் பாத்தே ஆகணும். ஒருநாள் கூட நிறுத்தாம அனுப்பு."

போனை வைத்தார். சாவியை சரண்யா பக்கம் தள்ளினார். திரையில் நகர்ந்துகொண்டிருந்த பச்சைக் கோட்டைக் காட்டிக் கேட்டார்.

"ஏம்மா, இதைவிட மெதுவா ஓடுற ஸ்கேனர் எதுனா இருக்குதா?"