மேல் பொத்தான்

பேனாவை அவள் இன்னும் வாங்கவில்லை.

அதிகாரி நீட்டியபடியே இருந்தார்.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது மாடி. கீழே சாலை. சாலைக்கு அந்தப் பக்கம், மூடிக் கிடந்த ஒரு கடையின் வாசலில், சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒரு பெண்.

நேற்று மாலை அந்தப் பெண் ஹோட்டல் வாசலில் நின்றாள். இன்று காலை இவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கண்ணாடிக்கு வெளியே நின்றாள். தூறலில், குடை இல்லாமல்.

இப்போது இங்கே.

"வாசுகி," என்றான் புகழேந்தி. "கையெழுத்துப் போடும்மா."

கணவனின் குரல் தணிந்திருந்தது. சிங்கப்பூரில் விமானம் ஏறியதிலிருந்தே அப்படித்தான் பேசுகிறான். உரக்கப் பேசினால் எதுவோ கலைந்துவிடும் என்பதுபோல.

மகள் நறுமுகைக்குப் பிறகு அவளுக்கு எதுவும் தங்கவில்லை. தத்தெடுக்கக் கைக்குழந்தை கேட்டுக் காத்திருந்ததில் வருடங்கள் போயின. பெரிய பிள்ளை என்றால் சம்மதமா என்று ஒருநாள் கேட்டார்கள். ஜியாலியின் புகைப்படம் வந்தது. பதின்மூன்று வயது. எட்டு வயதில் காப்பகத்துக்கு வந்தவள். பெற்றோர் யாரென்று தெரியாது என்றார்கள்.

எட்டு வயதுப் பிள்ளைக்கா தெரியாது?

அப்போது இந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றவில்லை.

அடுத்த மாதம் ஜியாலிக்குப் பதினான்கு முடிகிறது. முடிந்துவிட்டால் இந்த நாட்டுச் சட்டப்படி அவளை யாருக்கும் தத்துக் கொடுக்க முடியாது. இன்று விட்டால் பிறகு இல்லை.

ஒரு நாள் சேர்ந்திருந்து பாருங்கள், பிறகு கையெழுத்துப் போடலாம் என்று நேற்று அவளை ஹோட்டலுக்கு அனுப்பிவைத்தார்கள்.

சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள். கொடுத்ததைச் சாப்பிட்டாள். ஒன்பது வயது நறுமுகை கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. சிரிக்கக்கூடச் செய்தாள்.

காலையில் கண்ணாடிக்கு வெளியே நின்ற பெண்ணை மேசையில் எல்லோரும் ஒருமுறையாவது பார்த்தார்கள்.

ஜியாலி பார்க்கவில்லை.

ஒருமுறைகூட.

இப்போதும் அப்படித்தான். ஜன்னலருகே நறுமுகையோடு நின்றுகொண்டிருக்கிறாள். உனக்குச் சம்மதமா என்று அதிகாரி கேட்டதற்குப் பளிச்சென்று ஆமாம் சொல்லிவிட்டு அங்கே போய் நின்றவள். கண் எதிர்க் கட்டடத்தின் கூரைமேல் இருக்கிறது. கீழே இறங்கவில்லை.

அறையில் குளிர். ஜியாலியுடைய கோட்டின் மேல் பொத்தான் போடாமல் கழுத்து தெரிந்தது.

கீழே அந்தப் பெண் தன் கழுத்தைத் தொட்டாள்.

கையை இறக்கினாள். மறுபடி தொட்டாள்.

ஜியாலியின் கை மெதுவாக மேலே போனது. மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டது.

அவள் கண் கூரையிலிருந்து நகரவில்லை.

வாசுகி ஜன்னலிலிருந்து திரும்பினாள். புகழேந்தியைப் பார்த்தாள். அவன் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மொழிபெயர்க்க வந்திருந்த ஃபாங்கைப் பார்த்தாள்.

ஃபாங்கும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று பார்வையைத் தாழ்த்தினாள்.

"கையெழுத்துப் போடுவதற்கு முன் ஏதாவது கேட்க வேண்டுமா?"

மிக மரியாதையாகக் கேட்டாள். கேட்காதீர்கள் என்பதுபோல இருந்தது.

கேட்க ஒரே ஒரு கேள்விதான். கீழே நிற்பது யார்? கேட்டால் எல்லாம் நிற்கும். விசாரிப்பார்கள். அந்தப் பெண்ணை மேலே கூட்டி வருவார்கள். அடுத்த மாதம் வந்துவிடும். ஜியாலி காப்பகத்துக்கே திரும்புவாள். பெரியவளாகி, ஒருநாள் ஒரு பையோடு வாசலில் விடப்படுவாள்.

கேட்காவிட்டால்?

வாசுகி வாயைத் திறந்தாள்.

ஜன்னலருகே ஜியாலி திரும்பினாள். நேற்றிலிருந்து முதல்முறையாக அவளை நேருக்கு நேர் பார்த்தாள். அது பிள்ளையின் பார்வையாக இல்லை.

தலையை அசைத்தாள். கொஞ்சமாக.

வேண்டாம்.

"கேட்க ஒன்றுமில்லை," என்றாள் வாசுகி.

கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் கைநாட்டும் வேண்டுமாம். சிவப்பு மையில் அமுக்கிய கட்டைவிரல் காகிதத்தில் பதிந்தது. யாரோ கைதட்டினார்கள். நறுமுகை, "அக்கா, அக்கா," என்று ஜியாலியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். புகழேந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வாசுகி கட்டைவிரலைக் காகிதக் கைக்குட்டையால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். மை போகவில்லை.

வேன் வாசலில் நின்றது. ஜியாலியை முதலில் ஏற்றினார்கள். சாலைப்பக்க ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். வாசுகி அவளுக்குப் பக்கத்தில்.

எதிரே, பத்தடி தூரத்தில், சாம்பல் நிறக் கோட்டு. தலை குனிந்திருந்தது. தோள் அசையவில்லை. அழுகிறாளா என்று தெரியவில்லை.

இப்போதுகூடக் கதவைத் திறக்கலாம். இறங்கிப் போய் அந்தக் கையைப் பிடிக்கலாம்.

ஓட்டுநர் என்ஜினைக் கிளப்பினார்.

ஜியாலி கண்ணாடியைக் கீழே இறக்கினாள். முழுவதுமாக. குளிர்காற்று உள்ளே வந்தது. அவள் வெளியே பார்க்கவில்லை. வாசுகியின் பக்கம் திரும்பி, அவள் முகத்தைப் பார்த்து, நறுமுகை சொல்வதைக் கேட்டுப் பழகியிருந்த அந்தச் சொல்லை உரக்க, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"அம்மா."

வாசுகி பதில் சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் சாலையின் அந்தப் பக்கம் ஒரு தலை நிமிர்ந்தது.