தானாக வருபவை

தம்பி எனக்கும் என் கணவருக்கும் 'அக்கா', 'மாமா' என்றே பெயரிட்டு ஆளுக்கொரு மென்பொருள் எழுதித் தந்திருந்தான். கணினி மாற்றும்போது புதிதில் நிறுவ வேண்டியவற்றின் பட்டியலைச் சுருக்க ஸ்கிரிப்ட் என்ற ஒரு சிறு நிரலும் உண்டு. ஒன்றை நிறுவினால் கூடவே வந்துவிடுகிறவற்றை அது பட்டியலிலிருந்து நீக்கிவிடும்.

"நீ வந்தா மாமா தானா வந்துடுவாரு அக்கா. அவரை எதுக்குத் தனியா கூப்பிடணும்?" என்று சிரிப்பான். 'அக்கா' மட்டும் பட்டியலில் நிற்கும்.

அவன் இறந்த பிறகு, அவன் எழுதியது எதுவும் தொலைந்துவிடக் கூடாதென்று புதுக் கணினிக்காக அந்த ஸ்கிரிப்டை ஓட்டினேன். இம்முறை 'அக்கா'வும் நீக்கப்பட்டிருந்தது. நான் பார்த்தேயிராத 'தம்பி' என்ற ஒன்றுதான் மிஞ்சியது. அது போனால் 'அக்கா' தானாகப் பின்னால் போய்விடும் போல.

உள்ளே கணவர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றேன்.

"நீ கிளம்பிட்டியே. நான் மட்டும் இருந்து என்ன பண்ண?"

குனிந்து பார்த்தேன். என் காலில் செருப்பு இருந்தது.