இடது கண்

“இன்னொரு தடவை படிச்சுக் காட்டட்டுமாம்மா?” என்று கேட்டார் பஸ் ஓட்டுநர். சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையை வலது கண்ணால் கடைசி வரி வரைக்கும் ஒரு பிழையும் இல்லாமல் வாசித்து முடித்த மனிதர் அவர். கண் டாக்டருக்கு அவருடைய மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். சிரித்துக்கொண்டே சரி என்றார்.

ஓட்டுநர் மறுபடியும் ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி வாசித்தார். பள்ளிக்கூடத்தில் இந்தச் சிரத்தையில் பாதி இருந்திருந்தால் மனிதர் எங்கேயோ போயிருப்பார்.

ஐம்பது தாண்டிய ஓட்டுநர்களுக்கு வருஷம் ஒரு முறை இந்தச் சோதனை. தேறினால் ஸ்டியரிங், தவறினால் கையில் வாளியும் துடைப்பமும். போன வருஷம் தவறிய கூட்டாளி இப்போது பணிமனையில் பஸ் கழுவுகிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இவருக்கு ஐம்பத்திரண்டு. வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா, கல்லூரியில் மகள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஆனாலும் இருபத்தாறு வருஷத்தில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடித்தவரில்லை. இன்ஜின் இருமுவதைக் கேட்டே எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் காது இருபத்தைந்து வயசுக்காரனுக்கு வராது.

டாக்டர் அவருடைய வலது கண்ணைப் பஞ்சு வைத்து மறைத்தார். பிள்ளைகள் எத்தனை பேர் என்று பேச்சுக் கொடுத்தபடி எழுந்து நடந்தார். ஒரே மகள்தான், அவளுக்கு இது கடைசி வருஷம், அதை மட்டும் தாண்டிவிட்டால் போதும் என்றார் ஓட்டுநர். சுவரில் ஏதோ லேசாக உரசியது. மகள் பேச்சில் அது அவர் காதில் ஏறவில்லை.

“இப்ப இடது கண்ணால படிங்க.”

ஓட்டுநர் நிமிர்ந்து உட்கார்ந்து, மேல் வரியிலிருந்து தொடங்கினார். நடுவில் ஓர் எழுத்தில் தடுமாறித் திருத்திக்கொண்டார். கடைசி வரியின் ‘ட, ய, ப, ம’ வரைக்கும் வந்து சேர்ந்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அப்பாடா, இன்னும் ஒரு வருஷத்துக்கு வண்டி ஓடும்.

டாக்டர் கையெழுத்துப் போடுவார் என்று காத்திருந்தார். ஆனால், சொல்ல மனசில்லாத குரல் ஒன்று பக்கத்தில் கேட்டது.

“ஐயா... அட்டையை நான் அப்பவே கழட்டிட்டேன்.”