மேனேஜர் சொன்ன வார்த்தை

“நாளைக்கே வேலையை விட்டுடப் போறேன்! அத்தனை பேர் முன்னாடி மேனேஜர் என்னைக் கெட்ட வார்த்தையில திட்டிட்டார்!”

குமாஸ்தா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே கத்தினார்.

சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி ஊசியைக் கீழே வைத்தாள். ஓவர்டைம், ஓவர்டைம் என்று தினமும் இருட்டிய பிறகே வீடு திரும்புகிறவர், இன்று வெளிச்சம் இருக்கும்போதே வந்து நிற்கிறார். இந்த வயதில் இவருக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

“அப்படி என்னதான் சொன்னார்?”

“வயசுப் பொண்ணு இருக்கிற இடத்துல எப்படிச் சொல்றது?” மனைவியின் காதருகே குனிந்தார். “என்னைப் பார்த்து, அக்ஸோரியஸ்னு சொல்லிட்டார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க.”

அவருடைய ரகசியம் அடுத்த அறைக்கே கேட்கும். காலேஜில் படிக்கும் மகள் செல்போனில் அந்த வார்த்தையைத் தேடினாள். தேடியவள் களுக்கென்று சிரித்தாள்.

“அப்பா, இது கெட்ட வார்த்தையே இல்ல. லத்தீன்ல உக்ஸோர்னா மனைவி. அதுலேருந்து வந்திருக்கு. பொண்டாட்டி மேல அளவுக்கு மீறி ஆசை வச்சிருக்கிறவர்னு அர்த்தம்.”

மனைவிக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

“இன்னொரு அர்த்தமும் போட்டிருக்கும்மா. பொண்டாட்டி சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுறவர்...”

“அதெல்லாம் வேண்டாம். முதல் அர்த்தமே போதும்.”

கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லாத மனுஷன்! ஆபீசுக்கே தெரிந்திருக்கிறது, தனக்குத்தான் தெரியவில்லை. அவள் ஓடிப்போய்க் காபி போட்டாள். கேட்காமலே சர்க்கரையைக் கூடப் போட்டாள்.

“இதுக்குப் போய் யாராவது வேலையை விடுவாங்களா? ஆமா, நம்ம வீட்டு விஷயம் உங்க மேனேஜருக்கு எப்படித் தெரிஞ்சுது?”

காபியும் கவனிப்பும் தலைக்கேற, குமாஸ்தா நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

“தெரியாம என்ன? ‘பாவம், வீட்டுல அவ ஒருத்தியே கஷ்டப்படுறா, போய்க் கூடமாட ஒத்தாசை பண்ணணும்’னு சொல்லிட்டு, தினம் எல்லாருக்கும் முன்னாடி கிளம்புற ஒரே ஆள் நான்தானே!”

மகள் செல்போனிலிருந்து நிமிர்ந்தாள். மனைவி அவர் கையிலிருந்த டம்ளரை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

“அப்போ ஓவர்டைம் எங்கே பாக்குறீங்க?”