பேசியாச்சு

ரயில்வே கேட் இறங்கி மூடிக்கொண்டது. அவள் இறங்கவில்லை.

ஒற்றைச் சக்கர சைக்கிளின் மேல் உட்கார்ந்தபடியே பெடலை அரைச் சுற்று முன்னே, அரைச் சுற்று பின்னே என்று மிதித்து, நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் நின்ற பால் வேன் டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி வேடிக்கை பார்த்தார்.

ஓட்டும்போது இவ்வளவு வலிக்காது. பெடலில் எழுந்து நின்று இடுப்புக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்துக்கொள்ளலாம். ஒரே இடத்தில் ஆடும்போது தொடை இரண்டும் எரியும். சீட் அழுத்தி அழுத்திக் கால் மரத்துப்போகும்.

ஏரி வரை போய்த் திரும்பினால் முப்பது கிலோமீட்டர். கால் தரையில் படாமல் அதை முடிக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவளைக் கீழே இறக்கியது இந்தக் கேட்தான். இதற்காகவே மொட்டை மாடியில், சுவரைத் தொடாமல், கால் நடுங்கும்வரை ஆடிப் பழகியிருந்தாள்.

இன்றைக்குத் தாங்கிவிடும் என்று தோன்றியது.

அப்போதுதான் அண்ணனின் ஸ்கூட்டர் வந்து இடப்பக்கம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனுக்கு இந்தச் சாலையில் ஒரு வேலையும் கிடையாது. தேடிக்கொண்டுதான் வந்திருக்கிறான்.

"போன எடுக்க மாட்டியா நீ?"

அவள் திரும்பவில்லை. தலை திரும்பினால் சக்கரமும் திரும்பிவிடும்.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றி ஸ்கூட்டர் கண்ணாடியில் மாட்டிவிட்டு ஆரம்பித்தான். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த வேலைக்காரம்மாவும் நேற்று நின்றுவிட்டாள். பக்கவாதம் வந்து அவர் படுத்ததிலிருந்து இதோடு மூன்று பேர். அண்ணிக்கு ஆபீஸ். பிள்ளைகளுக்குப் பரீட்சை. அவனுக்கு ஷிப்ட்.

பேச்சு எங்கே வந்து நிற்கப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். வந்து நின்றது.

"உனக்கு என்ன, ஒண்டிக்கட்டை. உன் கடையில பேசியாச்சு. மாசக் கடைசியோட நின்னுக்கலாம்னு சொல்லிட்டாங்க."

அவள் வாயைத் திறப்பதற்குள் சரக்கு ரயில் வந்துவிட்டது.

பெட்டி பெட்டியாக ஓடியது. தரை அதிர்ந்தது. கத்தினாலும் பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்காது.

பேசியாச்சு. டாக்ஸிக்குச் சொல்லியாச்சு என்கிற மாதிரி.

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. படிப்பு முடித்த வருஷம் சேர்ந்தவள். போன மாதம் புது மெஷின் வந்தபோது அதைக் கற்றுக்கொள்ள அவளைத்தான் அனுப்பினார்கள். தினமும் கிளம்பும் முன் அதன் மூடியைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு வருவாள். அந்த வேலையை இவன் யார் விட? எந்த வாயால் கேட்டான்? அவளுடைய மேனேஜரிடம் என்னவென்று சொன்னான்? தங்கச்சிக்குச் சொல்லத் தெரியாது, நான் சொல்கிறேன் என்றா?

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். எல்லாம் முடிந்த பிறகுதான் அவளிடம் வந்து சொல்வான்.

பல்லைக் கடித்துக்கொண்டாள். கால்கள் ஆடிக்கொண்டே இருந்தன, முன்பைவிட வேகமாக. தொடை எரிச்சல் போன இடம் தெரியவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் வரிசையாக எடுத்து வைத்தாள். ரயில் நீளம். வரிசையும் நீளம்.

கடைசிப் பெட்டி போனது. கேட் ஏறியது. பின்னால் ஹாரன்கள் ஒலித்தன. பால் வேன் டிரைவர், "போங்கம்மா, போங்க. ஜெயிச்சுட்டீங்க" என்றார்.

அவள் இறங்கினாள்.

தார் ரோட்டில் கால் பட்டதும் முழங்கால் மடங்கியது. ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டடி நடந்தாள். அண்ணனின் முழங்காலைத் தாண்டிக் கையை விட்டு, ஸ்கூட்டர் இன்ஜினை அணைத்து, சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். எடுத்து வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

ஸ்கூட்டருக்குப் பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள். அண்ணன் கத்தவில்லை. சாவிக்குக் கை நீட்டவும் இல்லை.

"நான் பேசல, குட்டி. அப்பாதான் பேசினாரு."

திரும்பப் போனவள் நின்றாள்.

"காலைல அவரே உன் மேனேஜர் நம்பரப் போட்டாரு. 'நான் அவளோட அப்பா பேசறேன். இனிமே அவ வேலைக்கு வர மாட்டா, எனக்கு அவ வீட்டுல வேணும்'னு சொன்னாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன். நடுவுல ஒரு எடத்துலகூட பேச்சு நிக்கல."

மாதக்கணக்காக, தினமும் கடை சாத்தியதும் நடைபாதை ஓரத்தில் நின்று அவள் அப்பாவுக்குப் போன் செய்வாள். அவள் சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். தண்ணி. ஜன்னல். செருப்பு. மூன்றாவது வார்த்தையில் நாக்கு சுருண்டுகொள்ளும். அவருக்குக் கோபம் வந்து போனை வைத்துவிடுவார். நேற்றும் செருப்பில்தான் வைத்தார். ஒரு முழு வாக்கியத்தை அவள் இதுவரை கேட்டதே இல்லை.

"முழுசாவா சொன்னாரு?"

அண்ணன் தலையசைத்தான். அவன் கண்ணைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தண்டவாளங்களைக் கடந்தாள். பின்னால் அண்ணன் சாவி, சாவி என்று கூப்பிட்டான். கேட்டைத் தாண்டியதும் சாலை பிரிகிறது. நேரே போனால் ஏரி. வலது பக்கம் அப்பா வீடு.

ஓர் எம்பு எம்பி ஏறி உட்கார்ந்தாள். வலது பக்கம் திரும்பினாள்.

கேட்க வேண்டியது நிறைய இருந்தது. எல்லாவற்றுக்கும் அவர் இன்றைக்கு முழு வாக்கியமாகப் பதில் சொல்லியாக வேண்டும்.