கை காட்டினார்

“அவர் கை காட்டினார்யா. நான் பார்த்தேன்,” என்றாள் கண்மணி.

கோர்ட் மொழிபெயர்ப்பாளர் இராஜரத்தினம் அதை ஆங்கிலத்தில் சொன்னார். காரோட்டியின் வக்கீல் சிரித்தார்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது? வலப்பக்கம் திரும்புகிறவன் வலது கையை நீட்ட வேண்டும். சைக்கிளுக்கும் சட்டம் அதுதான். அவள் புருஷன் வடிவேலு நீட்டினான். பின்னால் வந்த கார் நிற்கவில்லை. சிராங்கூன் ரோட்டில், டன்லப் ஸ்திரீட் முனையில், அவள் கண்ணெதிரே செத்துப்போனான்.

வக்கீல் கேட்டதை இராஜரத்தினம் தமிழில் சொன்னார்.

“உங்க புருஷன் உங்களுக்கு டாட்டா காட்டியிருக்கார். அப்படித்தானேம்மா?”

“யாரு சொன்னது?”

“நீங்கதான். கை காட்டினார்னு.”

தமிழில் கை காட்டுவது இரண்டுக்கும்தான். ஆங்கிலத்தில் சொன்னபோது இராஜரத்தினம் டாட்டாவைப் பொறுக்கிக்கொண்டார்.

வக்கீல் விடவில்லை. வடிவேலுவுக்கு வேலை காலாங்கில். நேராகப் போக வேண்டியவன் ஏன் திரும்ப வேண்டும்? எதிர்முனையில் வழியனுப்ப வந்த மனைவி. அவளைப் பார்த்துக் கையசைத்தான், ரோட்டைப் பார்க்கவில்லை. தவறு செத்தவனுடையது.

பின்வரிசையில் மாமியார் விசும்பினாள். சாவு வீட்டிலும் அவள் அதைச் சொல்லித்தான் அழுதாள், முனை வரை வந்து அனுப்பி வைத்த மருமகள் என்று. கண்மணி மறுக்கவில்லை.

காரோட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

அவள் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு இராஜரத்தினத்தின் பக்கம் திரும்பினாள்.

“ஒரு வார்த்தை மாத்தாம சொல்லுங்கய்யா. அவர் எனக்கு டாட்டா காட்டலை. எங்களுக்குள்ள பேச்சு நின்னு மாசக்கணக்காச்சு. நான் வழியனுப்ப வரலை. டிரங்குப் பெட்டியோட டாக்சிக்கு நின்னேன். குளுவாங், எங்கம்மா வீட்டுக்கு. ஒரேயடியா.”

பின்வரிசையில் விசும்பல் நின்றது.

“பெட்டியைப் பார்த்துட்டாரு. என் பக்கம் திரும்பத்தான் கை காட்டினார்.”

இராஜரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நீதிபதியைப் பார்த்து மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

அந்த ஆங்கிலத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரே சொல் இந்த முறை வந்தது.

சிக்னல்.