முதல் மடக்கு

காலையிலிருந்து புருஷன் பொண்டாட்டி இருவருக்கும் வாந்தி பேதி. பொண்டாட்டி சின்னப்பொண்ணுக்கு ட்ரிப்ஸ் ஏற்ற நரம்பே சிக்கவில்லை. பெண்கள் வார்டில் வாயை இறுக மூடிக்கொண்டு கிடந்தாள்.

"ரெண்டு மடக்கு உப்புக்கரைசல் குடிங்கம்மா. பிரஷர் எறங்கிக்கிட்டே போகுது!" நர்ஸ் வியாகுலமேரி கெஞ்சினாள்.

"அவரு மொத மடக்குக் குடிக்கிற வரைக்கும் பல்லுல பச்சத்தண்ணி படாதுன்னு விராலிமலை முருகனுக்கு நேந்துருக்கேன் சிஸ்டர்."

"மூக்கைப் பிடிச்சு ஊத்துங்க!" என்றார் டாக்டர்.

"வேணாம் டாக்டர். சாமி காரியம். அவரைக் குடிக்க வச்சுட்டு வாரேன்."

வியாகுலமேரி ஆண்கள் வார்டுக்கு ஓடினாள். அங்கே புருஷன் நாகராசுவின் உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் டம்ளர் நிரம்பியபடியே இருந்தது.

"ஒரே ஒரு மடக்குங்கய்யா. ஒங்க சம்சாரம் உசுரு அதுலதான் இருக்கு!"

"அவ மொதல்ல குடிக்கட்டும் சிஸ்டர். நானும் அதே முருகனுக்குத்தான் நேந்துருக்கேன்."

வியாகுலமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். கட்டிலோடு அவரைப் பெண்கள் வார்டுக்குத் தள்ளிப் போனாள். இருவர் வாயிலும் டம்ளரை வைத்தாள். ஒருவர் தொண்டையை ஒருவர் பார்த்துக் காத்திருந்தார்கள்.

"ஒண்ணா விழுங்குங்க. யாரு மொதல்லன்னு அந்த முருகனே கண்டுபிடிக்கட்டும்!"